கரும்புக்கும் வாழைத்தாருக்கும் நடுவே ஒரு கோரா

ஆசை ஆசையாக வாங்கிய என் பாஸ்போர்ட் பத்து வருஷம் பீரோவில் தூங்கிவிட்டு, போன வருஷம் காலாவதியாகிவிட்டது. உள்ளே ஒரு முத்திரை கிடையாது. இருந்தாலும் ஒரு வெளிநாட்டுப் பயணக் கட்டுரை எழுதாமல் கண்ணை மூடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். நான் போகாத காம்பியா நாடே கிளம்பிக் கிழக்குத் தாம்பரத்துக்கு வந்ததால் அந்த வைராக்கியம் நிறைவேறியது. ஆகவே இது மூன்று நாள் பயணக் கட்டுரை. அதிகபட்ச தூரம், கேளம்பாக்கம்.

என் தம்பி ஆல்பர்ட் காட்டாங்குளத்தூரில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். அங்கே மூன்று நாள் மரபிசை விழா. பல நாடுகளிலிருந்து பாட்டன் முப்பாட்டன் காலத்து வாத்தியங்களோடு ஆட்கள் வந்திருந்தார்கள். விருந்தினர் விடுதியில் அறை போதவில்லை என்று ஒருவரை எங்கள் வீட்டு மாடிக்கு அனுப்பிவைத்தான். பெயர் லாமின். ஆறடிக்கு மேலே உயரம், வானநீல அங்கி, கையில் இடுப்பளவு பெரிய துணிப்பை.

"அக்கா, உனக்கு ஒரே ஒரு வேலைதான். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு அந்த மனுஷனும் அந்த வாத்தியமும் முழுசா மேடையில இருக்கணும். கடைசி நிகழ்ச்சியே அவரோடதுதான்" என்றான் ஆல்பர்ட்.

"டேய், நாப்பது பிள்ளைங்கள வண்டலூருக்குச் சுற்றுலா கூட்டிட்டுப் போய் நாப்பதையும் திருப்பிக் கொண்டாந்தவ நான். ஒரு ஆளப் பாத்துக்க மாட்டேனா?" என்றேன். இந்த வாய்க்கொழுப்புதான் எனக்கு எப்போதும் சனி. நான் கணக்கு டீச்சர். எங்கள் சபையில் பாடகர் குழுவும் என் பொறுப்புதான். கிரேஸ் டீச்சர் என்றால் சேலையூர் வரை தெரியும்.

பையைத் திறந்து காட்டினார். பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்தி, நீளமாக ஒரு கம்பு செருகி, இருபத்தொரு நரம்புகள் கட்டியிருந்தது. இதுதான் கோரா. மடியில் நிறுத்தி, கம்பு முகத்துக்கு நேரே நிற்க, இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு ஆள்காட்டி விரலாலும் மீட்ட வேண்டும். ஒரு தடவை மீட்டினார். தண்ணீர்த் தொட்டியில் மழை விழுகிற சத்தம். என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இது இரண்டாவது தடவை.

"எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. இது போனால் என் கை போன மாதிரி" என்றார் லாமின். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்தவரை மின்சார ரயிலில் ஏற்றினேன். இறங்க வேண்டியது பொத்தேரி. அதுவரை கோராவை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். பெட்டியே அந்தப் பையைப் பார்த்தது.

"இன்னா சார் உள்ள, தபேலாவா?"

"தபேலா இம்மாம் பெருசா இருக்குமா? அண்டா கீது போல. பிரியாணி மாஸ்டரா இருப்பாரு."

இது வாத்தியம் என்று பெட்டி முழுவதற்கும் பாடம் நடத்தினேன். பாடம் முடிவதற்குள் பொத்தேரி வந்துவிட்டது. இறங்கப் பார்த்தால் பைக்கு வெளியே நீண்டிருந்த கோராவின் கம்பு மேலே கைப்பிடி வளையத்துக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டுவிட்டது. நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு யோசனை சொல்லி, கழற்றி எடுத்தபோது சிங்கப்பெருமாள் கோவில் வந்திருந்தது. எங்களோடு தொழிற்சாலை ஷிப்டுக்காரர்கள் அத்தனை பேரும் இறங்கி, யோசனை சொன்ன உரிமையில் ஆளுக்கொரு செல்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் டீ குடிக்கலாம் என்றேன். நிலையத்துக்கு வெளியே டீ மாஸ்டர் கையை உயரத் தூக்கி ஆற்றுவதைப் பார்த்து லாமினுக்கு முகமெல்லாம் பல். அவர் ஊரிலும் பச்சைத் தேயிலையை இப்படித்தான் உயரத்திலிருந்து ஊற்றி நுரைகட்ட வைப்பார்களாம். மூன்று சுற்று குடித்து முடிக்க ஒரு மத்தியானம் ஆகுமாம். மசால்வடையைக் கடித்துவிட்டு, "இது எங்கள் அக்கராவின் தங்கச்சி" என்றார். அவர்கள் காராமணியை அரைத்துப் பொரிக்கிறார்கள். ஏழு வடை சாப்பிட்டார். இவ்வளவு தூரம் பறந்து வந்து உறவைக் கண்டுபிடித்தவரை யார் தடுப்பது?

ஒரு வழியாகத் திரும்பிப் போய் விழாவில் உட்கார்ந்தோம். எனக்குத் தெரிந்த உலக இசை, ஞானப்பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து இங்கிலீஷ் பாட்டுகள்தான். அன்று கண் திறந்தது. மங்கோலியாவிலிருந்து ஒருவர் வாயைத் திறந்தார். அடித்தொண்டையில் ஒரு குரல் உறும, அதன் மேலே புல்லாங்குழல் போல இன்னொன்று வந்தது. இரண்டாவது ஆள் எங்கே என்று திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். இல்லை. ஒரே தொண்டையில் இரண்டு குரல். எங்கள் கொயரில் இருபது தொண்டை இருக்கிறது, உருப்படியாக ஒரு குரல் வராது.

அடுத்து பல்கேரியாவிலிருந்து நாலு பெண்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களில் நின்று, ஒன்றோடு ஒன்று உரசவிட்டுப் பாடினார்கள். அவர்கள் ஊரில் அது மரபாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த உரசல் எங்கள் கொயருக்குப் புதிதா? தெரியாமல் இருபது வருஷமாகப் பல்கேரிய மரபில் பாடிவந்திருக்கிறோம்! இதைப் போய் சுதி விலகல் என்று குருவானவரிடம் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்த ஆள் எங்கள் சபையில் ஒருவர் உண்டு. தங்கராஜ் சார், ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். அன்றிலிருந்து நாலு வருஷமாக அவரும் நானும் பேசுவதில்லை. கோயில் வாசலில் எதிர்ப்பட்டால் இருவரும் வானத்தைப் பார்ப்போம்.

சனிக்கிழமை காலை மாடியில் 'டப்' என்று சத்தம். கோராவில் ஒரு நரம்பு அறுந்துவிட்டது. மாற்று நரம்பு பையில் இல்லை. "கவலை வேண்டாம். இது மீன்பிடிக்கிற நைலான் நரம்புதான். கடல் இருக்கிற ஊரில் கிடைக்காமலா போகும்?" என்றார். தாம்பரத்தில் கடல் இல்லை என்பதை எப்படிச் சொல்வது? மார்க்கெட்டில் தேடினோம். கொடிக்கயிறு காட்டினார்கள், பூக்கட்டும் நார் காட்டினார்கள். ஒரு கடைக்காரர் ஷூ லேஸ் காட்டினார். கடைசியில், கோவளத்து மீன்காரர்கள் கடை போடும் கேளம்பாக்கத்துக்குப் போகச் சொன்னார்கள்.

பஸ்ஸில் கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்து, "இது ஆளா, லக்கேஜா?" என்றார். "வாத்தியம்" என்றேன். "வாசிச்சா ஆளு, வாசிக்காட்டி லக்கேஜு" என்று தீர்ப்புச் சொன்னார். இருபது நரம்போடு வாசித்தார் லாமின். இரண்டு நிறுத்தங்களில் விசில் கொடுக்கக் கண்டக்டர் மறந்துபோய், இறங்க வேண்டியவர்கள் கத்தியதில் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

கேளம்பாக்கத்தில் கன்னியம்மா என்கிற மீன்கார அக்காவிடம் விசாரித்தோம். கோராவைப் பார்த்ததும் அரிவாள்மனையை நிறுத்தினார்.

"இன்னா டீச்சரம்மா இது? சொரக்காய்க்கு நரம்பு கட்டி வெச்சுகினு சுத்துறீங்க? தங்கூசிதான வேணும்? எங்கூட்டுக்காரரு வண்டில கீது, இரு." வண்டிப் பக்கம் பார்த்துக் கத்தினார். "யோவ், அந்த மெல்லிசு எடுத்தா! தடிசு இல்ல, மெல்லிசு!"

புருஷன் நாலு வகை நரம்பு கொண்டுவந்தார். லாமின் ஒவ்வொன்றையும் பல்லில் கடித்து இழுத்து, விரலால் சுண்டிக் கேட்டு, ஒன்றை எடுத்துக் கட்டினார். காசு கொடுக்கப் போனேன். லாமின் தடுத்தார்.

"என் வேலை என்ன தெரியுமா? நான் ஜாலி. எங்கள் ஊரில் அது பரம்பரைப் பாடகனுக்குப் பெயர். ஒருவருடைய முன்னோர் பெயரைச் சொல்லிப் புகழ்ந்து பாடுவது எங்கள் தொழில். இவர்கள் அப்பா பெயர் கேளுங்கள்."

கேட்டேன். கன்னியம்மா மீனைக் கழுவிக்கொண்டே மூச்சுவிடாமல் ஒப்பித்தார். "எங்கப்பா சின்னத்தம்பி. அவருக்கு அப்பா ஏழுமலை. அவருக்கு அப்பா பாளையம். புயல்ல மூணு பேரக் கரைக்கு இட்டாந்தவரு. எய்திக்கோ." எனக்கு என் தாத்தாவுக்கு மேலே பெயர் தெரியாது. அதைக் காட்டிக்கொள்ளாமல் லாமினுக்குச் சொன்னேன்.

அவர் பாட ஆரம்பித்தார். அவர்களுடைய மாண்டிங்கா மொழி, நடுநடுவே ஏழுமலை, பாளையம். சந்தை அடங்கியது. பாட்டு முடிந்ததும் கன்னியம்மா நரம்புச் சுருளை முழுசாகப் பையில் போட்டார். கூடவே ஒரு வஞ்சிரம். "எங்க தாத்தா பேரு இன்னோர் ஊரு வரிக்கும் போவப் போவுது. இதுக்குப் போயி காசு வாங்கினா வெளங்குமா?" என்றார். அன்று ராத்திரி லாமின் அதை நிலக்கடலைக் குழம்பாக வைத்தார். என் வீட்டுக்காரர் மூன்று தடவை சோறு வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விளைந்ததில் முதல் பங்கை ஆண்டவருக்குப் படைக்கிற நாள். தாம்பரத்தில் விளைவது அடுக்குமாடிதான் என்பதால் மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு வருவோம். பீடத்தைச் சுற்றிக் கரும்பு, வாழைத்தார், பூசணி, கோழி எல்லாம் இருக்கும். சுவர்க்கடிகாரம், குக்கர், ஒரு வருஷம் சைக்கிள்கூட வந்தது. ஆராதனை முடிந்ததும் அத்தனையையும் வெளியே பந்தலுக்குத் தூக்கிவந்து ஏலம் விடுவார்கள்.

ஏலத்துக்கு முன்னால் ஒரு பாட்டு வாசிக்க லாமினை அழைத்திருந்தார் குருவானவர். ஆனால் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் பெஞ்சில் இருந்த கோராவைச் சுண்டிச் சுண்டி விளையாடினார்கள். எனக்கு ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. குழந்தைகள் எங்கே கை வைக்காது? பீடத்தருகே! பையோடு தூக்கிப்போய்க் கரும்புக்கட்டுக்கும் வாழைத்தாருக்கும் நடுவே சாய்த்து வைத்தேன்.

"பத்திரமா?" என்றார் லாமின்.

"கர்த்தரின் சந்நிதி. இதைவிடப் பெரிய லாக்கர் தாம்பரத்திலேயே கிடையாது."

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பிரியாணி ஸ்டால். லாமினுக்கு ருசி காட்ட வேண்டாமா? அரிசியையும் கறியையும் ஒரே பானையில் சமைக்கும் அவர் ஊர்ப் பெனாச்சினும் நம் பிரியாணியும் ஒன்றா, வேறா என்று விவாதம் செய்தபடி இரண்டாவது தட்டில் இருந்தோம். எங்களைக் காணாமல் ஏலத்தை ஆரம்பித்துவிட்டார்கள் போல, பந்தலில் ஒலிபெருக்கி அலறியது.

"அருமையான வீணை! வெளிநாட்டு மாடல்! கிரேஸ் டீச்சர் காணிக்கை! ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்! நம்ம தங்கராஜ் சார் எடுத்துட்டாரு! கர்த்தர் அவரை ஆசீர்வதிப்பாராக!"

தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். லாமின் என்னைத் தாண்டி ஓடினார்.

பந்தல் நடுவில் தங்கராஜ் சார் நின்றார். ஒரு கக்கத்தில் அவர் ஏற்கெனவே ஏலத்தில் எடுத்த வெள்ளைக் கோழி. இன்னொரு கையில் கோராவின் கம்பு. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் பேசினேன்.

"சார், அது காணிக்கை இல்ல சார். இவரோடது. நான் பத்திரமா இருக்கட்டும்னுதான் அங்க வெச்சேன்."

"டீச்சர், வருஷாவருஷம் எலுமிச்சம்பழம் சைசுல ஒரு பூசணி கொண்டு வருவீங்க. இந்த வருஷம்தான் ஏதோ உருப்படியா கொடுத்தீங்க. கொடுத்த பிறகு மனசு வலிக்குதா? கூட யாரோ ஒரு வெளிநாட்டுக் காலேஜ் பையனை வேற சாட்சிக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

"பணத்த நான் திருப்பித் தர்றேன் சார்!"

"பணமா பிரச்சினை? பீடத்துல வெச்சது ஆண்டவரோடது. ஏலத்துல எடுத்தது என்னோடது. என் ஷோகேஸ்ல டிவிக்குப் பக்கத்துல இடம்கூடப் பார்த்தாச்சு."

குருவானவரைப் பார்த்தேன். அவர் பாவம், கோயில் கூரைக்கு ஓடு மாற்றப் பாதிச் செலவு தருவதாகச் சொல்லியிருக்கும் ஆளைப் பகைக்க முடியாமல் கரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. ஆறு மணிக்கு மேடை. லாமின் வெறும் கைகளை அங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார். நாற்பது பிள்ளைகளையும் எண்ணிக் கொண்டுவந்தவள், ஒரே ஒரு சுரைக்குடுக்கையைத் தொலைத்துவிட்டேனே!

"சரி சார், காலேஜ் பையன்னா வாசிக்கத் தெரியாதுல்ல? வாசிக்கச் சொல்லிப் பாருங்க. அவரோடதா இல்லையான்னு தெரிஞ்சுடும்."

"வாசிக்கட்டும். ஆனா நான் கையை எடுக்க மாட்டேன்."

அப்படியே நடந்தது. லாமின் நாற்காலியில் உட்கார்ந்து குடுக்கையை மடியில் வைத்தார். தங்கராஜ் சார் எதிரே நின்று, நெரிசல் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல உச்சியைப் பிடித்துக்கொண்டார். இசை புறப்பட்டது. ஏலம் கேட்க வந்த ஜனம் வாய்பிளந்து நின்றது. தங்கராஜ் சார் தலைகூட லேசாக ஆடியது. கை மட்டும் ஆடவில்லை.

அப்போதுதான் எனக்குக் கன்னியம்மாவின் வஞ்சிரம் ஞாபகம் வந்தது. லாமின் காதில் குனிந்து, "இவரைப் புகழ்ந்து பாடுங்கள். பெயர் தங்கராஜ்" என்றேன்.

"எனக்கு இவரைத் தெரியாதே. நீங்கள் தமிழில் பாடுங்கள், நான் தொடர்கிறேன்."

ஆண்டவரே, இது என்ன சோதனை! என் சுதியைப் பற்றி எழுத்து மூலமாகப் புகார் கொடுத்த மனுஷனை, சபை மொத்தமும் பார்க்க, நான் புகழ்ந்து பாடுவதா? பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"தங்கராஜே! தண்டவாளம் போல் நேரானவரே! ரயில் தாமதமானாலும் ஜெபக்கூட்டத்துக்குத் தாமதமாகாதவரே! காணிக்கைப் பையைக் கண்ணில் எண்ணெய் ஊற்றிப் பார்ப்பவரே!"

ஒவ்வொரு வரிக்கும் லாமின் "தங்கராஜே" என்று இழுத்தார். கூட்டம் சிரித்தது, கை தட்டியது. தங்கராஜ் சார் நெஞ்சு விரிந்தது. பிடி தளரவில்லை.

"அப்பா பெயர்! அப்பா இல்லாத பாட்டு ஒற்றைக்காலில் நிற்கிறது" என்று முணுமுணுத்தார் லாமின்.

தங்கராஜ் சாருடைய அப்பாவை எனக்குத் தெரியும். நான் பாவாடை கட்டின வயதில் பார்த்திருக்கிறேன். ஞானமுத்து, எங்கள் கோயிலில் மணியடித்து, தரை பெருக்கிய கோயில்பிள்ளை. அவர் போய் எத்தனையோ வருஷம். மகன் பெரிய அதிகாரியான பிறகு அந்தப் பெயரை யாரும் அவர் எதிரில் எடுப்பதில்லை. மரியாதைக் குறைவாக நினைத்துக்கொள்வாரோ என்கிற பயம். எனக்கும் பயம்தான். ஆனால் லாமினின் விரல்கள் காத்துக்கொண்டிருந்தன.

"ஞானமுத்துவின் மகனே!" என்று பாடினேன். தட்டிக்கொண்டிருந்த கைகள் பாதியில் நின்றன. "இடுப்பளவு தண்ணீர் நின்ற ஞாயிற்றுக்கிழமையிலும் நடந்து வந்தாரே ஞானமுத்து! ஆராதனைக்கு ஒருவரும் வரவில்லை. ஆனாலும் முதல் மணி அடித்தாரே, இரண்டாம் மணி அடித்தாரே, மூன்றாம் மணியும் அடித்தாரே! வீட்டு மாடிகளில் நின்று நாங்கள் கேட்டோமே! அந்த ஞானமுத்துவின் மகனே!"

"ஞானமுத்து... ஞானமுத்து..." என்று லாமின் வாங்கிப் பாடினார். கோரா மூன்று மணி அடித்தது.

தங்கராஜ் சார் மூக்குக் கண்ணாடிக்குள் நீர் கட்டியது. கன்னத்தில் இறங்கியது. துடைக்க வேண்டும். ஒரு கக்கத்தில் கோழி, ஒரு கையில் கோரா. கோழியை விட்டால் ஓடிவிடும். கோராவை விட்டார்.

கண்ணைத் துடைத்த கை திரும்பக் கோராவுக்குப் போகவில்லை. லாமினின் தோளில் போய் உட்கார்ந்தது. "எங்கப்பா பேரை இந்த இடத்துல கேட்டு எத்தனை வருஷமாச்சு" என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, என்னைப் பார்த்து, "ஆறு மணிக்கு காட்டாங்குளத்தூர்ல இருக்கணும்னா இப்பவே கிளம்பணும். ஜி.எஸ்.டி. ரோடு எப்படி இருக்கும்னு தெரியாதா? வண்டிய எடுக்கிறேன்" என்றார்.

அவர் காரிலேயே போனோம். முன்சீட்டில் லாமின், பின்சீட்டில் நானும் கோராவும் கோழியும். பெருங்களத்தூர் நெரிசலில் கோழி நரம்பைக் கொத்தப் பார்த்தது. வழி நெடுக அதன் வாயைக் கையால் மூடிக்கொண்டே போனேன். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆல்பர்ட் வாசலில் நகம் கடித்துக்கொண்டு நின்றான். ஆளையும் வாத்தியத்தையும் முழுசாக ஒப்படைத்தேன். "கோழி எதுக்குக்கா?" என்றான். பிறகு சொல்கிறேன் என்றேன்.

மேடையில் லாமின் தன் ஊர் ராஜாக்களைப் பாடினார். கேளம்பாக்கத்துப் பாளையத்தையும் ஏழுமலையையும் பாடினார். கடைசியில் கோரா மூன்று மணி அடிக்க, கிழக்குத் தாம்பரம் ஞானமுத்து வந்தார். யார் எவர் என்று தெரியாமலே மாணவர்கள் விசிலடித்தார்கள். தங்கராஜ் சார் எழுந்து நின்று, கோழியோடு, நாலு பக்கமும் கும்பிட்டார்.

லாமினை விழாக்காரர்கள் ராத்திரி விருந்துக்கு நிறுத்திக்கொண்டதால், திரும்பி வரும்போது காரில் தங்கராஜ் சாரும் நானும், நடுவே கோழியும்தான். தாம்பரம் பாலம் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய மௌனம் திரும்பிவிட்டதோ என்று நினைத்தேன். சிக்னலில் வண்டி நின்றதும் தொண்டையைக் கனைத்தார்.

"டீச்சர், நான் அன்னைக்குக் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கப் போறதில்லை. உங்க கொயருக்கு இன்னைக்கும் சுதி சேரலைதான்."

நான் வானத்தைப் பார்க்கத் தயாரானேன்.

"ஆனா எங்கப்பா பேரைப் பாடும்போது மட்டும்," என்றார், "சரியா சேர்ந்துச்சு."